பூட்டனிடம் கேட்க நினைத்தவை: மண்டபத்திலிருந்து மலையகம் வரை

பிப்ரவரி 6, 2025, வியாழன். மண்டபம்

ரயில் இப்போதைக்கு மண்டபத்தோடு நின்றுவிடுகிறது. பாம்பனில் புதுப் பாலம் திறக்கும்வரை இப்படித்தான் என்றார் டீக்கடைக்காரர். ராமேஸ்வரம் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். மண்டபத்துக்கென்றே வந்தவன் என்பதால் நான் நிதானமாக இரண்டு உளுந்த வடை தின்றேன்.

வந்தது முகாமைப் பார்க்க. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் இங்கேதான் சில நாள் தங்கவைக்கப்பட்டார்கள். அம்மை குத்துவார்கள், நோய்க்கிருமி போக உடுப்பை ஆவியில் அவிப்பார்கள். ஆளிடம் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு இருக்கும். 1974இல் என் தாத்தா குடும்பத்தோடு திரும்பி வந்து இறங்கியதும் இதே முகாம்தான். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் இங்கே வந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். அதனால் வெளியாள் நினைத்தபோது உள்ளே போக முடியாது. வாசலில் இருந்த காவலர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கலெக்டர் ஆபீஸில் எழுதி வாங்கி வாருங்கள் சார், நானே சுற்றிக் காட்டுகிறேன்" என்றார். வெளிச்சுவரோரம் நடந்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை இது. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாது வருஷப் பஞ்சத்தில் என் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, இலங்கையின் கண்டிச் சீமைக்கு நடந்தே போனார். மன்னார்க் காட்டைத் தாண்டுவதற்குள் கூட வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள். கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் தாது வருஷம் என்பது 1876. என் தாத்தா பிறந்தது 1912. பூட்டன் பஞ்சத்தில் நடந்திருந்தால் தாத்தா பிறக்கும்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முடியாத காரியமில்லை, ஆனாலும் இடிக்கிறது. பெரும்பாலும் நடந்தவர் பூட்டனின் அப்பா, ஓட்டன். அவர் தோளில் உட்கார்ந்து போன பிள்ளை பூட்டனாக இருக்கலாம். ஆகவே நோட்டுப் புத்தகத்தில் முதல் கேள்வி: நடந்தது நீயா, உன் அப்பனா?

தொடர்ந்து ஊர், வருஷம், ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணி பெயர், எந்தத் துறைமுகம், எந்தத் தோட்டம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவைத்திருந்தேன். இரவு விடுதியில் உட்கார்ந்து படித்துப் பார்த்தால், முகாம் குமாஸ்தா கேட்டிருக்கக்கூடிய கேள்விகளாகவே இருந்தன. அவன் கேட்டு, அவர் கைகட்டிப் பதில் சொல்லி, அது எங்கோ செல்லரித்தும் போயிருக்கும்.

நெத்திலி வறுவலோடு சாப்பாடு 140 ரூபாய். மீன் அருமை, ரசம் வெந்நீர்.

பிப்ரவரி 8, சனி. தலைமன்னார்

திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இரவு பஸ்ஸில் மன்னார். விடியற்காலையில் இறங்கியதும் நம்மை வரவேற்பவை கழுதைகள். பஸ் நிலையம், வங்கி வாசல், பள்ளிக்கூட மதில் என்று எங்கும் யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள் தாமாகத் திரிகின்றன. ஊருக்குப் பக்கத்தில் யானைக்கால் போல அடி பருத்த ஒரு பெருக்க மரம் நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்கிறார்கள்.

தலைமன்னார் இறங்குதுறையின் இரும்புத் தூண்களைத் துரு தின்றுகொண்டிருக்கிறது. பலகைகள் போன இடங்களில் கடல் தெரிகிறது. 1974இல் அப்பா இங்கிருந்துதான் ராமானுஜம் கப்பல் ஏறினார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டதால், அப்போது கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே 1964 அக்டோபரில்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத தோட்டத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பங்காளிகள் தென்னந்தோப்பைப் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். மரத்திடம் யாரும் கேட்கவில்லை.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும் கை நின்றது. "உங்கள் இழுவைப் படகுகள் எங்கள் கடலடியை வழித்துக்கொண்டு போகின்றன, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். வலை அறுந்த கணக்கு, கடன் கணக்கு, வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார்கள் என்ற கணக்கு எல்லாம் சொன்னார். நான் கோத்தகிரிக்காரன், கடலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தபின், "வெயிலில் நிற்காதீர்கள்" என்று குடிசை நிழலுக்குக் கூப்பிட்டு, இஞ்சி தட்டிப்போட்ட சாயத் தேநீர் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இங்கே நின்றபோது தோன்றிய கேள்வி: ஓட்டனே, தோணியில் ஏறும்போது இது எத்தனை நாள் பயணம் என்று உன்னிடம் யார் என்ன சொன்னார்கள்? நீ போன காலத்தில் அங்கே காப்பித் தோட்டங்கள். பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய், சம்பளத்தை முடிச்சில் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவதுதான் வழக்கம். நீயும் அந்த நினைப்பில்தான் போயிருப்பாய். 1869இல் இலையில் விழுந்த துரு நோய் பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பியை மொத்தமாகத் தின்றது. அதன்பின் வந்த தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், ஆளும் குடும்பத்தோடு அங்கேயே கிடக்க வேண்டும். ஒரு பூஞ்சைக் காளான்தான் எங்கள் குடும்பத்தை நூறு வருஷம் அங்கே உட்காரவைத்தது. வம்சாவளி தேடுகிற மற்றவர்களுக்கெல்லாம் ஒரு பாளையக்காரராவது கிடைத்துவிடுகிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு. மாத்தளை

அவர்கள் நடந்த பாதை ஏறத்தாழ 150 மைல். மன்னார், மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை. பஸ் மாறி மாறி ஒரே நாளில் வந்துவிட்டேன். முருங்கன் தாண்டி கட்டுக்கரைக் குளம் கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடந்தது. அதற்கப்புறம் இருபுறமும் வறண்ட காடு, யானை குறுக்கே வரும் என்ற பலகைகள். ஜன்னலோரம் உட்கார்ந்து குளங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பத்து நிமிஷம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு அரை நாள். நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: தண்ணீரை எதில் கொண்டுபோனாய்? காலரா கண்டவரை விட்டுவிட்டு நடக்கச் சொன்னது கங்காணியா, நீங்களே முடிவு செய்தீர்களா? விட்டவர்களின் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

தம்புள்ளையில் சோறும் கறியும் 500 ரூபாய். நம் கணக்கில் சுமார் 150. பருப்பு, பலாக்காய், கீரைச் சுண்டல், கருவாடு. தேங்காய்ச் சம்பல் கேட்டதற்குக் கடைக்கார அம்மா சிரித்தார். காய் 200 ரூபாயைத் தாண்டிவிட்டதாம், சம்பல் போட்டால் சோற்றுக்கு மேல் விலையாகிவிடும் என்றார். பாதிச் சாப்பாட்டில் மின்விசிறி நின்றது. பக்கத்துக் கடையிலும் இல்லை, எதிர்க்கடையிலும் இல்லை. மாத்தளைக்கு வந்தால் அங்கும் இல்லை. நாடு முழுக்க இல்லை! மாலையில் காரணம் தெரிந்தது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதாம், மந்திரியே சொன்னாராம். விடுதிக்காரர் மெழுகுவத்தி கொண்டுவந்து வைத்துவிட்டு, "முன்பு வாலில் தீயோடு வந்தார், இப்போது மின்சாரத்தில் கைவைத்திருக்கிறார். உங்கள் ஊர்க்காரர்தானே ஐயா?" என்றார்.

முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். காட்டைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் தோட்டங்களுக்குப் பிரிந்துபோனார்கள் என்பது இலங்கையின் மலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் எல்லாரும் சொல்கிற கதை. 1983 கலவரத்தில் எரித்ததைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கோயிலுக்கு வடக்கே சிறிது தூரத்தில்தான் அலுவிகாரை இருக்கிறது. பௌத்தத் திரிபிடகத்தை முதன்முதலில் ஏட்டில் எழுதிய குகைகள். அந்தக் குகைகளைத் தாண்டி எத்தனை ஆயிரம் பேர் நடந்திருப்பார்கள், ஒரு பெயர் ஏட்டில் ஏறவில்லை.

பிப்ரவரி 10, திங்கள். கண்டி வழியாக ஹட்டன்

கண்டியில் நிற்கவில்லை. தாத்தாவின் பயணக் காகிதங்கள் இங்கிருந்த இந்திய அலுவலகத்தில்தான் தயாராயின. அப்பாவிடம் இருக்கும் குடும்ப அட்டையின் நகலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். குடும்பத் தலைவர், வயது, மனைவி, மக்கள், தோட்டம். வரிசையாகப் பிடித்த புகைப்படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அப்பாவைப் பெற்ற அப்பாயி மட்டும் கைக்குழந்தையின் காலைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஹட்டனில் கால் வைக்க இடமில்லை. நாளை மறுநாள் போயா என்னும் பௌர்ணமி நாள், சிவனொளிபாத மலைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். கம்பளித் தொப்பி விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். எனக்கும் ஒன்று விற்றுவிட்டார்கள். பழக் கடைக்காரர் சிங்களவர், ஓரளவு தமிழ் பேசினார். மலை ஏறவில்லை, தோட்டத்துக்குப் போகிறேன் என்றதும், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். குரங்கு செய்த வேலையின் மிச்சமாக இன்று மாலையும் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு. எட்டு மணிக்குள் கம்பளிக்குள் புகுந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். தோட்டம்

தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே என்பது போதும்.

குடும்ப அட்டையில் இருப்பது வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர். அப்பாயி வாயில் வந்ததெல்லாம் வேறொரு தமிழ்ப் பெயர். மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. முச்சக்கர வண்டிக்காரர் அட்டையிலிருந்த பெயரைப் படித்து, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கீழ்ப்பிரிவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கே தாத்தா பெயர் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. அப்பாயி சொன்ன தமிழ்ப் பெயரைச் சொன்னதும், "அது மேற்பிரிவு, அதோ அந்தக் கோயில் தெரிகிறதே, அங்கே" என்று மலையுச்சியைக் காட்டினார்கள். தேயிலைக்கு நடுவே கொழுந்து எடுப்பவர்கள் ஏறும் வழியில் ஒரு மணி நேரம். எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடினார்கள், நான் தவழ்ந்தேன்.

தைப்பூசம் என்பதால் கோயிலில் கூட்டம். பெண்கள் பலர் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், அரைப்பேருக்கு, அதாவது அரை நாள் சம்பளத்துக்கு, வேலை செய்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்னதானத்தில் சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. யாரென்று கேட்பதற்கு முன்னால் இலை போட்டுவிட்டார்கள்.

இங்கும் தாத்தாவின் பெயர் எடுபடவில்லை. வயதானவர்களிடமெல்லாம் புகைப்படத்தைக் காட்டினேன். எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி நகலைக் கண்ணருகே கொண்டுபோனார், தூரமாக வைத்துப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "இது ரதி இல்லையா!"

காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவராம் என் தாத்தா. மாசி மாதம் காமன் ஊன்றினால், மன்மதன் எரிந்த பின் ரதி அழுகிற ராத்திரிக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம். "உங்கள் தாத்தா அழுதால் கணக்கப்பிள்ளை வீட்டு அம்மாகூட அழுவாள்" என்றார் பாட்டி. எங்கள் வீட்டை 'ரதி வீடு' என்றுதான் சொல்வார்களாம்.

நான் அறிந்த தாத்தா கோத்தகிரியில் தகரக் கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தவர். பாட்டு என்று ஒரு வரி அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கோத்தகிரியில் எங்களைச் 'சிலோன்காரர்கள்' என்பார்கள். துறையூர்ப் பங்காளிகளோ, காணி கேட்க வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் எங்களை உறவென்றே சொல்லவில்லை. அங்கே எந்தக் கூத்தில் எந்த ரதியைக் கட்டுவது? ஓட்டனுக்கும் பூட்டனுக்கும் என்று தயாரித்த கேள்விகளை அப்படியே வைத்துவிட்டு, தாத்தாவிடம் கேட்க ஒரு பக்கம் நிரப்பினேன். அவர் பக்கத்தில் இருபது வருஷம் இருந்திருக்கிறேன்.

பாட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒட்டிக் கட்டிய சமையல் கட்டு. கோதுமை மாவு ரொட்டி, வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டச் சம்பல். பேத்தி இரண்டாவது ரொட்டி போடும்போது பாட்டி அடுப்போரத்தைக் காட்டினார். ஓர் அம்மி. நடுவில் குழிந்து, ஒரு மூலை உடைந்து, மஞ்சளும் மிளகாயும் ஏறிச் செம்மண் நிறமாகியிருந்தது. "உங்கள் அப்பாயியுடையது. எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஊரில் நிலைத்ததும் ஆள் அனுப்புகிறேன் என்றாள்."

பிறகு பாட்டி கேட்கத் தொடங்கினார். போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு கடிதாசி போட்டிருக்கலாமே, ஏன் போடவில்லை? அந்தக் கைப்பிள்ளை பிழைத்தாளா? அங்கே போனால் நிலம் தருவார்கள் என்றார்களே, தந்தார்களா? உங்கள் பெரியத்தைக்கு இங்கே ஒருவனைப் பேசிவைத்திருந்தார்களே, அங்கே யாரைக் கட்டினாள்? அவளாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே? "அந்த வருஷம் கடையில் மாவு இல்லை, அரிசி இல்லை. எங்கள் லயத்திலேயே பட்டினியில் செத்தார்கள். நீங்கள் போனதும் அங்கே மூன்று வேளையும் சோறு தின்பீர்கள் என்று பேசிக்கொண்டோம். தின்றீர்களா தம்பி?"

கைப்பிள்ளை, என் சின்ன அத்தை, இப்போது கோவையில் இருக்கிறார், பேரன் எடுத்துவிட்டார் என்றேன். அந்த ஒன்றுக்குத்தான் என்னிடம் நேரான பதில் இருந்தது. பெரியத்தை பற்றி அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பாட்டி நம்பிய மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன். போயா நாள்

காலையில் பாட்டியின் பேத்தி மலைச் சரிவில் ஓரிடத்தைக் காட்டினாள். பழைய சுடுகாடு. இப்போது அதிலும் தேயிலை. பூட்டனும் பூட்டியும் அங்கேதான் எங்கேயோ. வரிசைகளுக்கு நடுவே நின்று தேடுவதற்கு எதுவும் இல்லை, கால் சறுக்குகிறது, அட்டை வேறு கடிக்கிறது. பேத்தி உதட்டைச் சுழித்து, "இங்கே கொழுந்து நன்றாக வரும்" என்றாள். அவளுக்கு நாள் சம்பளம் 1,350 ரூபாய். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். தம்பி கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான். அவனும் இனி இங்கே திரும்பி வரமாட்டான் என்று, வருத்தமும் இல்லாமல் மகிழ்ச்சியும் இல்லாமல் சொன்னாள்.

பூட்டியின் பெயரைப் பாட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். "கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள்" என்றார். எங்கள் அப்பாயியும் அப்படித்தான் சொன்னார். முகாம் குமாஸ்தா ஒருவேளை எழுதிவைத்திருப்பான். அவனைக் கேலி செய்ததில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

அம்மியை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று பாட்டி கேட்டார். விமானத்தில் எடை போடுவார்கள் என்றேன். "அப்படியானால் அரைத்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். புறப்படும்போது, ஒப்பந்தத்தில் போய்க் கடிதம் போடாத குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி என் நோட்டுப் புத்தகத்தில் எழுதவைத்தார். எல்லாம் பட்டப்பெயர்கள்: மொட்டைக் கங்காணி வீடு, தவுல்காரர் வீடு, இரட்டைப் பிள்ளை வீடு. தவுல்காரர் வீட்டுக்குக் கட்டிப்போனவர் பாட்டியின் சொந்த அக்கா. 1972இல் கப்பலேறியவர்கள், கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியதாக ஒரே ஒரு முறை யாரோ வந்து சொன்னார்களாம்.

கோத்தகிரியிலிருந்து கூடலூர் அரை நாள் பயணம்தான். அடுத்த ஞாயிறு போகிறேன். சேரம்பாடி, பாண்டியாறு, நெல்லியாளம் பக்கம் இருப்பவர்கள் யாரேனும், ஹட்டனிலிருந்து வந்த தவுல்காரர் வீடு என்று கேள்விப்பட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். அக்காவுக்கு இடது புருவத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு இருக்கும் என்று பாட்டி சொல்லச் சொன்னார்.